பிள்ளைகள் இல்லாத வாரம்

கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவர்கள் உண்டு, புதுவீடு குடிபோக நாள் பார்ப்பவர்கள் உண்டு. கப்பலில் போக, அதுவும் ஒரு பிள்ளைகூடக் கண்ணில் படாத நாளாகப் பார்த்துப் போக, குளுவாங் பட்டணத்திலேயே நாள் பார்த்தவள் கஸ்தூரி ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ராகு காலம், எமகண்டமெல்லாம் அவளுக்கு இரண்டாம் பட்சம். சாப்பாட்டு மேசையில் ஜொகூர் மாநிலப் பள்ளி விடுமுறைப் பட்டியலை விரித்து வைத்தாள். பக்கத்தில் மற்ற மாநிலங்களின் விடுமுறை. அதற்கும் பக்கத்தில் சிங்கப்பூர் விடுமுறை. அது இல்லாமல் எப்படி? பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் பள்ளி மூடினால், அவர்கள் கார்கள் வந்து மெர்சிங் படகுத்துறையே நிறைந்துவிடுமே. தீபாவளி லீவு, பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டில் கிடக்கும் நாள் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரே ஒரு வாரம் தேறியது. தீபாவளிப் பலகாரம் தீர்ந்து, எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்குத் திரும்பிவிட்ட நவம்பர் முதல் வாரம்.

இதை வைத்து அவளைப் பிள்ளைகளைக் கண்டால் ஆகாதவள் என்று நினைத்துவிடக் கூடாது. பெற்ற இரண்டையும் கண்ணுக்குள் வைத்து வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பியவள் அவள். அவளுடைய பயமெல்லாம் கணவர் ஹேமநாதனின் வயிற்றில், வலப்பக்கம் கீழே, இருந்தது. அங்கே இருந்தது அவளுடைய சிறுநீரகம். அவருடையது இரண்டும் கைவிரித்தபோது, ரத்தம் பொருந்துகிறது என்று தெரிந்த அன்றைக்கே, யாரையும் கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

கொடுத்ததில் அவளுக்குத் துளிகூடப் பயம் இருக்கவில்லை. பயம் கொடுத்த பிறகுதான் வந்தது. அந்நிய உறுப்பை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க அவர் ஆயுசுக்கும் மருந்து சாப்பிட வேண்டும், அந்த மருந்தால் நோயை எதிர்க்கும் சக்தி குறைந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். முக்கியமாகச் சின்னம்மை. கஸ்தூரிக்கு ரெங்கம் எஸ்டேட்டில் சின்ன வயதிலேயே வந்து போய்விட்டது, நெற்றிப்பொட்டில் தழும்புகூட இருக்கிறது. ஹேமநாதனுக்கு வந்ததே இல்லை. தடுப்பூசியும் இனிமேல் போட முடியாது. பெரியவர்களுக்கு வந்தாலே பாடுபடுத்தும், இவருக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கவனமாக இருங்கள் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து அவள் கோயில் திருவிழாவுக்குப் போகவில்லை. கல்யாண வீட்டில் மொய்யை வாசலோடு கொடுத்துவிட்டுத் திரும்பினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பந்தை எடுக்க வந்து கேட்டைத் தொட்டுவிட்டால், கிருமிநாசினி ஊற்றி அதைத் துடைப்பாள். ஊரில் பிள்ளைகளுக்குத்தான் பூச்சாண்டி காட்டுவார்கள். இந்த வீட்டில் பிள்ளைகளே பூச்சாண்டியாகிவிட்டார்கள்.

ஹேமநாதனுக்கு இதெல்லாம் எரிச்சல். ஆனால் அவளுடைய உறுப்பைச் சுமந்துகொண்டு அவளிடமே எப்படிச் சண்டை பிடிப்பது? மனிதர் குளுவாங் ரயில் நிலையத்தில் ஆயுசெல்லாம் கொடி காட்டி ஊரையே அனுப்பி வைத்தவர். தான் எங்கேயும் போனதில்லை. ஒரே ஒரு ராத்திரியாவது தண்ணீர்மேல் தூங்க வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான பேர் ஏறும் பெரிய கப்பலுக்கு அவள் சம்மதிக்கவே இல்லை. அப்போதுதான் அர்ச்சுனனின் கப்பல் அகப்பட்டது. இருபது பேருக்கு மேல் கொள்ளாத சின்னக் கப்பல். சொந்தக்காரரும் அவர்தான், ஓட்டுகிறவரும் அவர்தான். மெர்சிங்கில் ஏற்றிக்கொண்டு, மூன்று ராத்திரி தீவுகளைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கொண்டுவந்து விடுவார்.

அவள் சொன்ன வாரத்தைக் கேட்டதும் அர்ச்சுனன் போனில் தயங்கினார். மழைக்காலத்துக்கு முன்னால் அதுதான் கடைசிப் பயணம், காற்று மாறுகிற நேரம், அலை கொஞ்சம் இருக்கும் என்றார்.

“அலை இருந்தா இருக்கட்டும். புள்ளைங்க இருக்குமா?”

அவர் சிரித்தார். “ஸ்கூல் நேரத்துல எந்தப் புள்ள வரப் போவுது அக்கா?”

அந்தக் கேள்விக்குப் பதில் படகுத்துறையில் நின்றுகொண்டிருந்தது. ஏழு எட்டு வயதுப் பெண் குழந்தை. கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. கஸ்தூரி எடுத்து வைத்த காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அங்கேயே திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். பக்கத்தில் ஹேமநாதன் புதுச் செருப்பும் தோளில் பையுமாக, அந்தப் பிள்ளையைவிடச் சின்னப் பிள்ளையாகக் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றே ஒன்றுதானே, கூட்டம் இல்லையே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு ஏறினாள்.

ஏறிய பிறகும் மனம் அடங்கவில்லை. தாய் லோஷினி ஸ்கூடாயில் ஒரு பேங்கில் வேலை பார்க்கிறாள். பிள்ளை பெயர் திவாஷினி. பள்ளி இருக்கிற நாளில் பிள்ளையைக் கூட்டி வந்திருக்கிறீர்களே என்று கஸ்தூரி போகிற போக்கில் கேட்பதுபோல் கேட்டாள். கொஞ்சம் உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது ஓகே ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு லோஷினி பேச்சை மாற்றினாள். உடம்புக்கு என்ன என்று கேட்க கஸ்தூரிக்கு வாய் வரவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

தீவுகள் கண்ணுக்குத் தெரியும் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. கப்பல் ஆட ஆரம்பித்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. மாத்திரை போட்டுக்கொண்டு அறையில் படுத்தவள், சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போக வேண்டாம் என்று அவரிடம் சொல்ல நினைத்து, சொல்லாமலே தூங்கிப் போனாள்.

விழித்தபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. எழுந்து ஓடினாள். சாப்பாட்டுக் கூடத்தில் மழைச் சாரலுக்காக ஜன்னலையெல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். உள்ளே புழுக்கம். மேசையின் ஒரு பக்கம் ஹேமநாதன், எதிர்ப்பக்கம் அந்தப் பிள்ளை. முகக்கவசம் அவர் மோவாய்க்குக் கீழே கிடந்தது. பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய் என்று அவர் ரயில் நிறுத்தங்களைச் சொல்ல, பிள்ளை மூச்சு விடாமல் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லி முடித்து இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

பக்கத்தில் போனதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. வேப்பிலையும் மஞ்சளும் சேர்ந்த வாசனை. எஸ்டேட்டில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாசலில் வேப்பிலை செருகி, தாளிக்காமல் சமைத்து, ஒற்றைப்படை நாளில் தண்ணீர் ஊற்றுகிற வீட்டின் வாசனை அது. பிள்ளை தலையைச் சொறிந்தபோது சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டெல்லாம் காய்ந்த பொருக்கு. அவற்றுக்கு நடுவே இரண்டு கொப்புளம் இன்னும் நீர் கோத்துப் பளபளத்தது.

கஸ்தூரி கணவரின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

லோஷினி இந்த முறை ஒளிக்கவில்லை. கஸ்தூரி கூடத்துக்குத் திரும்பி வந்து நேராகக் கேட்டதும் சொல்லிவிட்டாள். தீபாவளிக்கு முன்பே யார் வீட்டிலோ தொற்றியிருக்கிறது. கிளினிக்கில் கொடுத்த லீவு இன்னும் முடியவில்லை. பள்ளிக்குத்தான் அனுப்ப முடியாது, எடுத்த லீவும் வீணாகப் போகிறது, காற்றாட எங்கேயாவது கூட்டிப் போகலாம் என்று கிளம்பியிருக்கிறாள்.

“மூணாந் தண்ணி ஊத்தியாச்சு ஆன்ட்டி. மாரியம்மா எறங்கிட்டாங்க. அதுக்கப்புறம் யாருக்கும் ஒட்டாதுன்னு சொன்னாங்க.”

யார் சொன்னார்கள் என்று கஸ்தூரி கேட்கவில்லை. எல்லோரும் சொல்வதுதான். அவள் வீட்டிலும் சொன்னார்கள். மூன்றாவது தண்ணீர் ஊற்றிவிட்டால் பிள்ளை சுத்தம், கோயிலுக்குக்கூடப் போகலாம். கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும்வரை ஒட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்காவிட்டால் அவளும் அதையேதான் நம்பியிருப்பாள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் வாரமாகத் தேடித் தேடி எடுத்தாளே, பள்ளிக்கு அனுப்ப முடியாத பிள்ளை அந்த வாரம் எங்கே இருக்கும் என்று யோசித்தாளா? வலையை விரித்து வைத்துவிட்டு அதில் தானே போய் விழுந்த கதைதான்.

அம்மை கண்ட பிள்ளையை ஒரு சுடுசொல் சொல்லக் கூடாது. உள்ளே இருப்பது மாரியாத்தா, அவள் காதில் விழும் என்று சொல்லித்தான் கஸ்தூரியை வளர்த்தார்கள். அது நன்றாக நினைவில் இருந்தும், கூடத்தில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது.

“இந்தப் புள்ளய ரூமை விட்டு வெளிய விடாதீங்க. எங்க ரூம் பக்கம் அதோட நெழல்கூட விழக் கூடாது. அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்கள நான் சும்மா விட மாட்டேன்.”

லோஷினியின் முகம் சுருங்கிவிட்டது. பிள்ளை தன் மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு கஸ்தூரியைப் பார்த்தது. அந்தப் பார்வை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சாமி குத்தம் செய்துவிட்டோம், இதற்கும் சேர்த்து மாரியாத்தா அவரைத்தான் பலி கேட்கப் போகிறாள் என்று பயந்தாள்.

உடனே கப்பலைத் திருப்பச் சொல்லி அர்ச்சுனனிடம் அழுதாள். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் கடல் அவர் பேச்சைக் கேட்காது. மெர்சிங் ஆற்று முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் கப்பல் தரைதட்டிவிடும், இப்போது போனாலும் உள்ளே நுழைய முடியாது, வெளியில் காற்றும் ஏறிவிட்டது என்றார். தீவின் மறைவில் நங்கூரம் போட்டுவிட்டு, காலையில் தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துக் கிளம்புவதாகச் சொன்னார். போனில் சிக்னல் ஒரு கோடு வருவதும் போவதுமாக இருந்தது. ஆஸ்பத்திரி எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டாள். கிடைக்கவே இல்லை.

ஹேமநாதன் ஆசைப்பட்ட மாதிரியே தண்ணீர்மேல் ஒரு ராத்திரி கழிந்தது. அவர் தூங்கினார். அவள் அவர் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒட்டினாலும் வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய, கை சும்மா இருக்க மறுத்தது. அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தாள். தன்னில் ஒரு பாதி அவரோடு சேர்ந்து மண்ணுக்குள் போவதை நினைத்துப் பார்த்தாள். வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள்.

விடிந்து கப்பல் தீவின் மறைவை விட்டு வெளியே வந்ததும் அலை இரண்டு பக்கமும் அறைய ஆரம்பித்தது. பயணிகள் அத்தனை பேரும் அவரவர் அறையில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தார்கள். கஸ்தூரி மட்டும் தங்கள் அறைக்கு வெளியே நடையில் நின்றாள். காவல். நடையின் முடிவில் கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் கப்பலின் ஓரத்தை ஒட்டிய திறந்த பாதை.

கண்ணாடிக்கு வெளியே ஏதோ அசைந்தது. திவாஷினி. ஒரு கையில் காலித் தண்ணீர்ப் போத்தல், இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி அடி அடியாக வந்துகொண்டிருந்தது. தாய் எழுந்திருக்க முடியாமல் கிடந்திருக்க வேண்டும், தண்ணீர் கேட்டிருக்க வேண்டும். உள்நடை வழியாக நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்துவிடலாம். வந்தால் இவர்கள் அறை வாசலைத் தாண்ட வேண்டும். வரக் கூடாது என்று சொல்லியிருந்தாளே. அந்தப் பிள்ளை சொன்ன சொல் கேட்டு, வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது.

கஸ்தூரியைக் கண்டதும் அது நின்றுவிட்டது. இன்னும் தள்ளிப் போக வேண்டுமோ என்ற சந்தேகத்தில் கம்பியை ஒட்டி ஒதுங்கியது. அந்த நேரம் பார்த்துக் கப்பல் சாய்ந்தது. போத்தல் உருண்டது. பிள்ளை விழுந்து வழுக்கிக்கொண்டே போனது. ஏணி வைத்து ஆட்களை ஏற்றுகிற இடத்தில் கம்பி கிடையாது, ஒரு சங்கிலி மட்டும்தான். அதற்கு அடியில் முழங்கால்வரை வெளியே போய்விட்டது. ஒரு கை சங்கிலியைப் பிடித்திருந்தது. இன்னொரு கையை அது கஸ்தூரியை நோக்கி நீட்டியது. சட்டைக் கை மேலே ஏறியிருந்தது.

கஸ்தூரியின் கை கதவுப் பிடியில் இருந்தது. திறந்தால் ஐந்தாறு எட்டு. அவள் திறக்கவில்லை. இந்தக் கையால் அதைத் தொட்டால், இதே கையால்தானே அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். சொல்லவே கூசுகிறது, ஆனால் நினைத்தாள். அதற்கு அடுத்ததாக இன்னொன்றும் வந்தது, அந்தப் பிள்ளை இல்லாமலே போய்விட்டால் என்று. அது முழுசாக வருவதற்குள் பிள்ளை கத்திய சத்தம் கேட்டது.

பின்னால் அறைக் கதவு படாரென்று திறந்தது. ஹேமநாதன் அவளை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தார். முகக்கவசம் இல்லை, செருப்பு இல்லை. குப்புற விழுந்து பிள்ளையின் கையைப் பிடித்தார், பிறகு சட்டையைப் பிடித்தார், இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அடுத்த அலை இரண்டு பேர்மேலும் வாரி அடித்தது. அது வடிந்ததும் முழங்காலாலேயே தவழ்ந்து உள்ளே வந்தார். பிள்ளை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை அவர் கன்னத்தில் வைத்து விம்மியது.

அவர் மூச்சு வாங்கியபடி கஸ்தூரியை நிமிர்ந்து பார்த்தார். அவள் கை இன்னும் அந்தப் பிடி இருந்த உயரத்திலேயே நின்றது. அதையும் பார்த்தார்.

“புள்ளய வாங்கிக்கோ கஸ்தூரி” என்றார்.

வாங்கிக்கொண்டாள். ஈர உடம்பு. மெர்சிங் வரும்வரை அவள் அந்தப் பிள்ளையை இறக்கி விடவில்லை. கரையில் லோஷினி வாங்க வந்தபோது கஸ்தூரி மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் லோஷினி அவள் காலில் விழப் போய்விட்டாள். அங்கிள் மட்டும் இல்லையென்றால் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நான் அங்கேதான் நின்றேன் என்று சொல்ல கஸ்தூரிக்கு நாக்கு எழவில்லை.

துறையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஊசி போட்டார், மாத்திரை எழுதினார், நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார். அந்தப் பிள்ளையை அவர் தூக்கினாரே, கட்டிப் பிடித்தாரே என்று கஸ்தூரி திரும்பத் திரும்பக் கேட்டாள். அதனால் புதிதாக ஒன்றும் இல்லை, மூடின அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோதே ஆக வேண்டியது ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அவள் தயங்கித் தயங்கி, நான் தூக்கியிருந்தால் என்று கேட்டாள்.

“உங்களுக்குத்தான் முன்னாடியே வந்திருச்சே. நீங்க தூக்கிட்டு, கையைக் கழுவிட்டா போதும், அவருக்கு ஒண்ணும் இல்ல.”

சாதாரணமாகத்தான் சொன்னார். கஸ்தூரிக்கு அந்த அறையில் இருக்கவே முடியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவரை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, முதுகு, மார்பு, தலைமுடிக்கு உள்ளே என்று தேடினாள். ஒரு கொசுக்கடியைப் பார்த்துவிட்டு அரைநாள் அழுதாள். அவர் பொறுமையாகத் திரும்பித் திரும்பி நின்றார். கப்பலைப் பற்றி ஒரு பேச்சு எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. அவர் உடம்பில் தேடும்போதெல்லாம் அவள் பயந்தது கொப்புளத்துக்கு மட்டும் இல்லை, அவர் வாயைத் திறந்து அதைக் கேட்டுவிடுவாரோ என்பதற்கும்தான். டாக்டர் சொன்ன கெடு முடிந்தது. ஒரு பொட்டுக்கூடக் காணவில்லை. இனி பயமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் ஹேமநாதன் தானாகவே லோஷினிக்குப் போன் போட்டார். திவாஷினி மறுபடி பள்ளிக்குப் போகிறதாம். ரயில் நிறுத்தங்களை அது கடகடவென்று ஒப்பிக்க, இவர் சிரித்துக்கொண்டே ஒன்றைத் திருத்தினார். பிறகு போனைக் கஸ்தூரியிடம் நீட்டினார். பிள்ளை ஆன்ட்டியிடம் பேச வேண்டுமாம்.

அவள் வாங்கிக் காதில் வைத்தாள்.

“ஆன்ட்டி, அன்னிக்கு நீங்களும் என்ன மாதிரியே பயந்துட்டீங்கதானே? அதனாலதானே வரல?”

கஸ்தூரி கணவரைப் பார்த்தாள். அவர் எழுந்து போகவில்லை, வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஆமாம்மா” என்றாள். “ரொம்ப பயந்துட்டேன்.”

“பரவால்ல ஆன்ட்டி” என்றது பிள்ளை.